ஒலி பதிந்த அறைகள்: ஒரு ஜாஸ் பயணம்

ஞாயிறு, ரிச்மண்ட் (இண்டியானா)

நயாகராவும் வேண்டாம், டிஸ்னியும் வேண்டாம், ஆற்றோரம் இடிந்து நிற்கிற ஒரு பியானோ ஃபாக்டரியைப் பார்க்க வேண்டும் என்றதும் டேட்டனில் இருக்கும் சித்தி மகன் சிரித்துவிட்டான். “அந்த ஊர்ல சாப்பிடக்கூட ஒண்ணும் கெடையாதுங்ணா” என்றான். சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுத்தான். 70ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் மேற்கே முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, வேறொன்றும் இல்லை.

ஸ்டார் பியானோ கம்பெனி ஒரு காலத்தில் ஒயிட்வாட்டர் ஆற்றுப் பள்ளம் முழுக்கப் பரவியிருந்தது. பியானோ விற்கிறவர்கள் இசைத்தட்டும் விற்கலாமே என்று அவர்கள் தொடங்கிய பிரிவுதான் ஜெனட் ரெக்கார்ட்ஸ். இன்று மிச்சம் இருப்பது ஒரு செங்கல் கட்டடத்தின் கூடு, சுவரில் பெரிதாக எழுதிய ஜெனட் பெயர், ஒரு புகைபோக்கி. நடைபாதை நெடுகப் பழைய 78 ஆர்பிஎம் தட்டு வடிவத்தில் வட்டங்கள் பதித்து, இங்கே பாடியவர்கள், வாசித்தவர்களின் முகங்களை வைத்திருக்கிறார்கள். லூயி ஆர்ம்ஸ்ட்ராங், பிக்ஸ் பைடர்பெக், ஜெல்லி ரோல் மார்ட்டன், ஹோகி கார்மைக்கேல். சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பட்டியல்தான்.

ஸ்டூடியோ இப்போது இல்லை. இருந்தபோதும் அது ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கொட்டகைதான். ரயில் வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு, அது போனபிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் சிகாகோவிலிருந்து குழுத் தலைவர் கிங் ஆலிவர் தன் கிரியோல் ஜாஸ் பேண்டோடு இங்கே வந்தார். அப்போது மைக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய புனலைப் பார்த்து எல்லோரும் வாசிப்பார்கள். அந்தப் புனலுக்கு மறுமுனையில் ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. யாருடைய சத்தம் கூட, யாருடையது குறைவு என்பதைச் சரிசெய்ய ஒரே வழி, ஆளை முன்னே பின்னே நகர்த்துவது.

ஆலிவரும் அவர் சீடன் ஆர்ம்ஸ்ட்ராங்கும் கார்னெட், அதாவது ட்ரம்பெட்டின் குட்டி வடிவம். பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தபோது குருவின் சத்தமே தட்டில் விழவில்லை. இருபத்தொரு வயதுச் சீடனைப் பல அடி பின்னால், மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் அங்கே முகம் வாடி நின்றதையும், இவ்வளவு தள்ளி நிற்கவைத்தால்தான் சரியாகும் என்றால் இவர்தான் பெரிய வாசிப்பாளர் என்று தான் அன்றே முடிவுகட்டியதையும் பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அவரையே கல்யாணம் செய்துகொண்டு, ஆலிவரை விட்டு வெளியே வரச்சொல்லி நச்சரித்ததும் இவர்தான். ஒலிப்பதிவுக் கருவியின் குறைபாடு ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திருப்பியது என்று சொன்னால் மிகையாக இருக்கும். திருப்பத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அதைவிட உறுத்துவது டிரம்மர் பேபி டாட்ஸின் கதை. முழு டிரம்ஸும் அடித்தால் ஊசி மெழுகிலிருந்து துள்ளிவிடும். அதனால் அவர் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். நூறு வருடம் கழித்துக் கேட்கிறவர்களுக்கு அந்தக் காலத்து ஜாஸ் டிரம்ஸ் என்றால் ‘டொக் டொக்’ என்ற மரச்சத்தம்தான். சிகாகோவில் லிங்கன் கார்டன்ஸ் ஆட்டக்கூடத்தில் அவர் அடித்த அடி யாருக்கும் கிடைக்கவில்லை. நம் ஊரில் கிட்டப்பாவின் பாட்டை மூன்று நிமிடத் தட்டில் கேட்டுவிட்டு, அவர் மேடையில் பாடியதும் இவ்வளவுதான் என்று நினைத்தால் எவ்வளவு தப்போ, அவ்வளவு தப்பு இது. அதனால்தான் இந்தப் பயணத்தை இசைக் கலைஞர்களின் பிறந்த ஊர்கள் பக்கம் திருப்பாமல், அவர்கள் நின்று வாசித்த அறைகள் பக்கம் திருப்பியிருக்கிறேன். தட்டில் பாதி அந்த அறையின் கைவேலை.

இன்னொன்றும் எழுதிவைக்க வேண்டும். 1923 ஜூலையில் ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற கிரியோல் (ஐரோப்பிய, ஆப்பிரிக்க வம்சம் கலந்த) பியானோக்காரர் நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு உட்கார்ந்து பதிவு செய்தது இதே கொட்டகையில்தான். கலப்புக் குழு என்பதே அபூர்வமாக இருந்த காலம். அதே வருடங்களில், அதே ஜெனட் காசு வாங்கிக்கொண்டு, கறுப்பர்களை வெறுத்த வெள்ளையர் அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானுக்கும் தட்டு அடித்துக் கொடுத்தது. அப்போது இண்டியானாவில் க்ளானுக்கு அவ்வளவு செல்வாக்கு. ஒரே அச்சு இயந்திரம். தரையில் பதித்த வட்டங்களில் க்ளான் பாடகர் யாரையும் நான் பார்க்கவில்லை.

சாப்பாடு விஷயத்தில் தம்பி சொன்னது முழு உண்மை. திரும்பி டேட்டன் வந்துதான் சாப்பிட்டோம்.

செவ்வாய், மன்ஹாட்டன், கிழக்கு 30ஆம் தெரு

நியூ ஜெர்சி எடிசனில் நண்பன் வீட்டில் தங்கல். காலை ரயிலில் மன்ஹாட்டன். லெக்சிங்டன் அவென்யூவில் 26லிருந்து 30ஆம் தெரு வரைக்கும் தோசைக்கும் பிரியாணிக்கும் பஞ்சமில்லை. ‘கறி ஹில்’ என்றே அந்தப் பகுதிக்குப் பட்டப்பெயர். அங்கே ஒரு ரவா தோசையை முடித்துக்கொண்டு கிழக்கே நடந்தால் சில நிமிடத்தில் 207ஆம் எண் வந்துவிடும். இப்போது அது சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.

இங்கே 1875இல் கட்டிய ஒரு பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் இருந்தது. 1940களின் இறுதியில் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அதை எடுத்து ஸ்டூடியோவாக்கியது. கலைஞர்கள் அதை ‘சர்ச்’ என்றே கூப்பிட்டார்கள். அண்ணாந்து பார்க்கவைக்கும் உயரத்தில் கூரை, மரத்தரை. அந்த ஒலி கெட்டுவிடும் என்று சுவருக்கு வர்ணம் பூசக்கூடக் கூடாதென்று உத்தரவு இருந்ததாகச் சொல்வார்கள். 1981இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள்.

1959ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 2, ஏப்ரல் 22: ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. மே மாதம்: பாஸ் (வயலின் குடும்பத்தின் பெரிய, அடித்தொனி வாத்தியம்) வாசித்த சார்ல்ஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’. ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை: பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’. மூன்று தட்டும் இந்த ஒரே கூடத்தில்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பற்றி எழுதாதவர்கள் இல்லை. இருந்தாலும் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். முதல் பாட்டான ‘சோ வாட்’டில் வேகவேகமாக மாறும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கிடையாது. முதல் பதினாறு அளவுகளுக்கு (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றுகளுக்கு) டி டோரியன் என்ற ஒரே ஸ்வர வரிசை. அது நம் கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்களேதான். அடுத்த எட்டு அளவுகளுக்கு அதே வரிசை அப்படியே அரை ஸ்வரம் மேலே ஏறி உட்காரும். கடைசி எட்டுக்குப் பழைய இடத்துக்கு இறங்கும். மொத்தம் முப்பத்திரண்டு, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. கமகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் ஒரு ஸ்வர வரிசைக்குள் நிதானமாக உலாவ இடம் கிடைத்தால் மைல்ஸும், சாக்ஸபோன் வாசித்த கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் எப்படி மூன்று விதமாக நடக்கிறார்கள் என்பதைக் கேட்டுப்பாருங்கள். மைல்ஸ் சொல்லாமல் விடுவதில் கெட்டிக்காரர். கோல்ட்ரேனுக்கு விடுவதே பிடிக்காது.

அந்த மார்ச் 2 பதிவில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. மூன்று ட்ராக் டேப் மெஷின் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும் இல்லையா? இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க அப்படி இழை அளவு சுருதி ஏறியே வெளியானது. கூடவே கேட்டு வாசித்துப் பழகிய எத்தனையோ பேர் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அன்று பாதுகாப்புக்காக இன்னொரு மெஷினில் பதிந்துவைத்த டேப்பிலிருந்து 1992இல்தான் சரிசெய்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடிய தட்டு, சுருதி விலகிய தட்டு. எனக்கு இன்றும் பழைய பதிப்புதான் காதில் நிற்கிறது, என்ன செய்ய.

அந்தப் பதிவின் இடைப்பேச்சுகளும் வெளிவந்திருக்கின்றன. பாட்டு இவ்வளவு மெதுவாகப் போகும்போது காகிதம் சரசரப்பதும் ஸ்னேர் டிரம் தானாக அதிர்வதும் கேட்கிறதே என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து புகார் வருகிறது. அதெல்லாம் சேர்ந்ததுதான் என்கிற தோரணையில் மைல்ஸ் பதில் சொல்கிறார். ரிச்மண்டில் ரயிலுக்காக நிறுத்தியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

புரூபெக்கின் தட்டுக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவர் குழுவைப் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்ற அனுப்பியது. மதராஸிலும் வாசித்தார்கள். இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம்தான் ‘டைம் அவுட்’டின் முதல் பாட்டானது. அதே தட்டின் ‘டேக் ஃபைவ்’ கண்ட நடை, ஐந்து எண்ணிக்கை. அதை எழுதியது புரூபெக் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதியவர் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அந்த வருமானத்தைத் தனக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். காபிக் கடைகளில் அது ஒலிக்கும்போதெல்லாம் யாருக்கோ ஒரு பாட்டில் ரத்தத்துக்குக் காசு சேர்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

புதன், உட்லான் கல்லறைத் தோட்டம், பிராங்ஸ்

4ஆம் நம்பர் சப்வேயின் கடைசி ஸ்டேஷன். அலுவலகத்தில் வரைபடம் கொடுக்கிறார்கள். ‘ஜாஸ் மூலை’ எங்கே என்று கேட்டாலே புரிந்துகொள்கிறார்கள்.

பெருங்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் 1974இல் இங்கே அடக்கமானார். அவருக்கு எதிரே இடம் வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் போட்டி போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் கல் கறுப்பு, பளபளப்பு, பெரியது. ‘சர் மைல்ஸ் டேவிஸ்’ என்று போட்டிருக்கிறது. அதில் ஒரு ட்ரம்பெட்டும் ‘சோலார்’ என்ற பாட்டின் தொடக்க ஸ்வரங்களும் செதுக்கியிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் சிக்கல். ‘சோலார்’ மைல்ஸின் பெயரில் பதிவானது. ஆனால் கிதார் கலைஞர் சக் வேன் அதே மெட்டை வேறு பெயரில் 1946இலேயே வாசித்துப் பதிந்த தட்டு பிற்பாடு கிடைத்துவிட்டது. கல்லில் செதுக்கியதை எப்படி அழிப்பது? மைல்ஸாக இருந்தால் இதற்கும் தோளைக் குலுக்கியிருப்பார்.

மேக்ஸ் ரோச், லயனல் ஹாம்ப்டன், கோல்மன் ஹாக்கின்ஸ், எல்லோரும் இதே தோட்டத்தில். ஆனால் நான் முக்கியமாகத் தேடிப்போனது ஜோ ‘கிங்’ ஆலிவரை.

ரிச்மண்டில் சீடனைப் பின்னால் நிறுத்திய அதே ஆலிவர். ஈறு நோயால் பல்லெல்லாம் போயிற்று. கார்னெட் வாசிக்கிறவருக்குப் பல் போவது, நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி போவதுபோல மாற்றிக்கொள்ளக்கூடிய நஷ்டமில்லை. குழு கலைந்து, பணம் கரைந்து, ஜார்ஜியா மாநிலம் சவானாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலையில் முடிந்தார். 1937இல் அந்த ஊருக்குக் கச்சேரிக்கு வந்த ஆர்ம்ஸ்ட்ராங் தன் ‘பாப்பா ஜோ’வைத் தெருவில் காய்கறி விற்கிறவராகப் பார்த்தார். கையில் இருந்ததைக் கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் ஆலிவர் இறந்தார். உடலை நியூயார்க் கொண்டுவர அவர் அக்கா வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவழித்தார். கல் வைக்க அவரிடம் மிச்சமில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஒருவர்.

ஆலிவருக்கு மைக் யுகம் பாதியில்தான் கிடைத்தது. 1925க்குப் பிறகு மின்சார ஒலிப்பதிவு வந்து ஒலி தெளிவானபோது அவருடைய உதடும் பல்லும் அவரைக் கைவிடத் தொடங்கியிருந்தன. நல்ல நிலையில் வாசித்தபோது கருவி மோசம், கருவி நன்றாக ஆனபோது உடம்பு மோசம். அதையும் மீறி ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ தட்டில் அவர் வாசித்த தனி ஆவர்த்தனத்தை ஒரு தலைமுறையே ஸ்வரம் ஸ்வரமாகப் பாடம் செய்துவைத்திருந்தது.

வியாழன், கொரோனா, குவீன்ஸ்

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். கொரோனா என்பது நியூயார்க்கின் ஒரு பேட்டை, நோய்க்கு முன்னாலிருந்தே அதற்கு அந்தப் பெயர்தான். 7ஆம் நம்பர் ரயிலில் 103ஆம் தெரு ஸ்டேஷன். படி இறங்கியதும் வண்டிக்கடைகள், ஸ்பானிஷ் பேச்சு, வறுத்த சோள வாசனை. உலகத்திலேயே பிரபலமான ட்ரம்பெட்காரர் ஆர்ம்ஸ்ட்ராங் 1943லிருந்து 1971இல் சாகும்வரை இந்தப் பேட்டையில்தான், நடுத்தர வர்க்கத்து வீட்டில் குடியிருந்தார். அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கையில் மனைவி லூசில் வாங்கிய வீடு அது. இவர்களுக்குப் பிள்ளையில்லை. தெருப் பிள்ளைகள் வாசற்படியில் அவரோடு உட்கார்ந்திருக்கும் படங்கள் பிரசித்தம்.

வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சமையலறை முழுக்கப் பளபளக்கும் நீலம். குளியலறையில் சுவரெல்லாம் கண்ணாடி, குழாய்களுக்குத் தங்க முலாம். லூசிலின் ரசனையை நக்கலடிக்கிறவர்கள் உண்டு, எனக்குப் பிடித்திருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஏழ்மையின் அடியில் பிறந்தவர், தங்கக் குழாயைத் திறந்து முகம் கழுவினால் யாருக்கு என்ன?

நான் வந்தது மாடியிலிருக்கும் அவருடைய அறைக்காக. மேசை, அலமாரி, சுவரோடு பொருத்திய டேப் ரெக்கார்டர்கள், பாடகர் டோனி பென்னெட் வரைந்த ஆர்ம்ஸ்ட்ராங் படம். இங்கே உட்கார்ந்துதான் அவர் நூற்றுக்கணக்கான டேப்புகளைப் பதிந்தார். எல்லாவற்றையும் பதிந்தார்: நண்பர்களோடு அடித்த அரட்டை, கெட்ட ஜோக்குகள், லூசிலோடு வாக்குவாதம், சாப்பாட்டு மேசைப் பேச்சு. பழைய தட்டுகளைச் சுழலவிட்டுக் கூடவே ட்ரம்பெட் வாசித்தும் பதிந்திருக்கிறார். பிறகு பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி, டேப் பெட்டிகளின் மேல் ஒட்டி, செல்லோடேப் போட்டு அலங்காரம் செய்வார். வழிகாட்டி ஒவ்வொரு அறையிலும் ஒரு பொத்தானை அழுத்த, அந்த அறையில் பதிந்த பேச்சு அந்த அறையிலேயே ஒலிக்கிறது. சாப்பாட்டு அறையில் அவர் காய்கறியைப் பற்றிப் பேசுகிறார். உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று எழுத ஆசை, உண்மையில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு குறும்பு அந்தக் குரலில்.

இருபத்தொரு வயதில் புனலிலிருந்து தள்ளி நிற்க வைக்கப்பட்டவர், ஐம்பது வயதில் சொந்தமாக மெஷின் வாங்கி, எவ்வளவு பக்கத்தில் வேண்டுமோ அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இதற்கு மேல் விளக்கம் கூட்டினால் கெட்டுவிடும்.

எதிர்ப்பக்கம் 2023இல் ஒரு புதிய மையம் திறந்திருக்கிறார்கள். ஆவணங்கள் இப்போது அங்கே. அங்கே நின்றபோது லில் ஹார்டினின் முடிவைப் பற்றி நண்பனுக்குச் சொன்னேன். ஆர்ம்ஸ்ட்ராங் இறந்த அடுத்த மாதம், 1971 ஆகஸ்டில், சிகாகோவில் அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே லில் சரிந்து விழுந்து இறந்தார். விவாகரத்தாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. “இதையெல்லாம் படமா எடுத்தா நம்ப மாட்டாங்கடா” என்றான்.

வெள்ளி, எங்கிள்வுட் கிளிஃப்ஸ், நியூ ஜெர்சி

ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தாண்டி வடக்கே சில்வன் அவென்யூ. மரங்களுக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவின் கூரான கூரை தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தே வந்தேன். கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றோம்.

ரூடி வான் கெல்டர் தொழிலால் கண் பரிசோதகர். பகலில் கண்ணாடி எழுதிக் கொடுப்பார், மாலையில் ஹேக்கன்ஸாக்கில் அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிவார். பக்கத்துச் சுவரில் கண்ணாடி ஜன்னல் வைத்து அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம். ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் இசைத்தட்டுக் கம்பெனிகளின் 1950களின் புகழ்பெற்ற தட்டுகளில் பெரும்பகுதி அந்த ஹாலில் பிறந்தவை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ‘ஹேக்கன்ஸாக்’ என்று ஒரு பாட்டுக்கே பெயர் வைத்தார். 1959இல்தான் இங்கே சொந்தமாகக் கட்டி முழுநேரமாக இறங்கினார். 39 அடி உயரம், மர வளைவுகள் தாங்கும் கூரை. கட்டியவர் டேவிட் ஹென்கன், ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் வட்டத்தைச் சேர்ந்தவர். 30ஆம் தெருவில் தேவாலயம் ஸ்டூடியோ ஆனது. இங்கே ஸ்டூடியோவே தேவாலயம்போல எழுந்திருக்கிறது.

மனிதர் கறார். கையுறை போட்டுக்கொண்டு மைக்கைத் தொடுவார், வேறு யாரும் தொடக்கூடாது. உள்ளே சாப்பாடு, பானம் எதுவும் ஆகாது. எந்த மைக்கை எங்கே வைத்தார் என்ற ரகசியத்தைச் சாகும்வரை, 2016வரை, சொல்லவில்லை. ப்ளூ நோட்டை நடத்திய ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் பெர்லினிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குக் காசு கொடுத்தார்கள், அந்தத் தொழிலில் அது அபூர்வம். லயனின் காதும் வான் கெல்டரின் கையும் சேர்ந்ததுதான் நாம் ‘ப்ளூ நோட் சவுண்ட்’ என்று சொல்வது.

எல்லோரும் இவரைக் கொண்டாடவில்லை. கலைஞர்களின் தொனியையே இவர் மாற்றிவிடுகிறார், அதனால்தான் இவரிடம் போவதில்லை என்று மிங்கஸ் வெளிப்படையாகவே சொன்னார். இவருடைய பியானோ ஒலி பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும் என்பது பலருடைய புகார், எனக்கும் அதில் உடன்பாடு. ஆனால் டிரம்ஸ்? ஆர்ட் பிளேக்கியின் ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடித் தாளத்தட்டு) மூடித் திறப்பதைக் கேளுங்கள். பேபி டாட்ஸுக்குக் கிடைக்காததெல்லாம் பிளேக்கிக்குக் கிடைத்திருக்கிறது.

1964 டிசம்பர் 9 மாலை ஜான் கோல்ட்ரேன் தன் நால்வர் குழுவோடு இந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி கேரிசன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். ஒரே மாலையில் ‘அ லவ் சுப்ரீம்’ முடிந்தது. மொத்தம் முப்பத்துமூன்று நிமிடம். முதலில் ஒரு மணியோசை, பிறகு கேரிசனின் நான்கு ஸ்வரம். அந்த நான்கு ஸ்வரத்தைக் கோல்ட்ரேன் எடுத்துப் பன்னிரண்டு சுருதிக்கும் கொண்டுபோவார். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்கிறார்போல. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து பெயரைச் சொல்லி ஜபிக்கிறார். கடைசிப் பகுதியில் அவர் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். கவிதை தட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த இடத்தில் எந்த வரி என்று பின்தொடரலாம்.

நண்பனின் மனைவி காரிலேயே உட்கார்ந்து ஹெட்ஃபோனில் அதைக் கேட்டு முடித்துவிட்டு, “அண்ணா, இது நம்ம அகண்ட நாமம் மாதிரில்ல இருக்கு” என்றார். ஜாஸே கேட்டதில்லை அவர்.

சனி, டிக்ஸ் ஹில்ஸ், லாங் ஐலண்ட்

கோல்ட்ரேன் அந்த இசையை எழுதியது இங்கே, கேண்டில்வுட் பாத் என்ற அமைதியான தெருவில் ஒரு செங்கல் வீட்டு மாடியில். அவர் குடியிருந்த வீடு என்பதே மறந்துபோய் இடிக்கவிருந்ததை ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். நாங்கள் போனபோது பழுதுபார்ப்பு முடிந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கவில்லை. தெருவில் நின்றே பார்த்தோம். 1967 ஜூலை 17இல் ஈரல் புற்றுநோய் கோல்ட்ரேனைக் கொண்டுபோனபோது அவருக்கு வயது நாற்பது. மனைவி ஆலிஸுக்கு நான்கு குழந்தைகள். ஒரு மகனுக்கு ரவிசங்கரின் பெயரை வைத்திருந்தார்கள்.

ஆலிஸ் கோல்ட்ரேனைக் ‘கணவரைத் தொடர்ந்தவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. டெட்ராய்ட்டில் பியானோ கற்று, அதில் கெட்டிக்காரியாகி, பிறகு ஹார்ப் என்ற, ஜாஸில் யாரும் அதிகம் தொடாத வாத்தியத்தை எடுத்தவர். ஜான் கேட்டு வாங்கிய ஹார்ப் அவர் இறந்தபிறகுதான் வீடு வந்துசேர்ந்தது என்பார்கள். இந்த வீட்டின் அடித்தளத்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. யாருடைய கடிகாரத்துக்கும் வாடகை கட்டவேண்டாம், கீழே இறங்கினால் பதிவு, மேலே ஏறினால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு.

1970 நவம்பர் 8ஆம் தேதி அந்த அடித்தளத்தில் பதிந்ததுதான் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. தம்புராவின் ரீங்காரம் எழும்ப, செசில் மெக்பீயின் பாஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பப் பிடிக்க, மேலே ஹார்ப் கொட்டும், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் அழைக்கும். தலைப்பிலுள்ள சச்சிதானந்தர் ஆலிஸின் குரு. அவர் எங்கள் பக்கத்துக்காரர் என்பது கோயமுத்தூரிலேயே பலருக்குத் தெரியாது. 1914இல் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969 வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்து லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு முன்னால் காவி கட்டிக்கொண்டு பேசியவரும் அவரே. பல்லடம் ரோட்டுக்கும் பொள்ளாச்சி ரோட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு கிராமத்திலிருந்து லாங் ஐலண்ட் அடித்தளத்துக்கு ஒரு நூல் ஓடுகிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அதே வருட இறுதியில் ஆலிஸ் குருவோடு இந்தியா, இலங்கை யாத்திரைக்குத் திட்டமிட்டிருந்தார். ‘ஸ்டாப்ஓவர் பாம்பே’ என்ற பாட்டு அதை எண்ணித்தான். பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, துரியசங்கீதானந்தா என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஆர்கனில் பஜனை வாசித்து வாழ்ந்தார். 2007இல் காலமானார். வான் கெல்டரின் கூர்மை இந்தத் தட்டில் இல்லை, ஒலி கொஞ்சம் மங்கல். அந்த மங்கல் அதற்குப் பொருந்துகிறது.

திங்கள், வில்லேஜ் வான்கார்ட், ஏழாவது அவென்யூ

நேற்று மழை, எங்கும் போகவில்லை. இன்று கடைசி இரவு.

சிவப்புக் கதவு, செங்குத்தான படி, இறங்கினால் முக்கோண வடிவில் ஒரு நிலவறை, அதுதான் இந்த ஜாஸ் கிளப். நூற்றிச் சொச்சம் பேர் உட்காரலாம். 1935லிருந்து இதே இடம். இந்தப் பயணத்தில் நான் பார்த்த அறைகளில் இடிந்தவை, பூட்டியவை, கண்ணாடிக்குள் வைத்தவைதான் அதிகம். இது மட்டும் தினமும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது.

1957 நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸையும் 1961 நவம்பரில் கோல்ட்ரேனையும் பதிய வான் கெல்டர் தன் மைக்குகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார். கோல்ட்ரேனின் ‘இந்தியா’ இங்கே பதிந்ததுதான், இரண்டு பாஸ்கள் அடியில் ஆதார சுருதிபோல நிற்க. ஆனால் இந்த அறையென்றால் எனக்கு 1961 ஜூன் 25, ஞாயிறு. பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷியன் டிரம்ஸ். மதியம் இரண்டு செட், இரவு மூன்று. முதல் பாட்டின் நடுவே மின்சாரம் துண்டித்துப் பதிவில் ஓர் ஓட்டை விழுந்தது. மேசைகளில் கிளாஸ் உரசுவது, யாரோ சிரிப்பது, எதையும் நீக்கவில்லை. பாஸ் என்றால் பின்னால் நின்று தாளம் பிடிப்பது என்ற வழக்கத்தை லஃபாரோ அன்று முழுநாளும் மீறிக்கொண்டிருந்தார். பியானோ ஒரு வாக்கியம் பேசினால் பாஸ் மறுவாக்கியம் பேசுகிறது. பதினோரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்தார், வயது இருபத்தைந்து. எவன்ஸ் மாதக்கணக்கில் பியானோ பக்கமே போகவில்லை. முதலில் வெளியான தட்டுக்கு லஃபாரோவின் வாசிப்பு மேலோங்கிய பாட்டுகளையே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தச் சிரிப்புச் சத்தங்களை எரிச்சலோடு கேட்டவன் நான். இன்று மேசைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தபிறகு, அவர்கள் பேசாமலே இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று படுகிறது. எவன்ஸின் பியானோவுக்கும் முதல் மேசைக்கும் கைநீட்டும் தூரம்தான்.

திங்கள் இரவென்றால் வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா. 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தொடங்கியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபிறகும் திங்கள் தோறும் நடக்கிறது. அவ்வளவு சின்ன மேடையில் பதினாறு பேர் எப்படி அடங்குகிறார்கள் என்பது தனிக் கேள்வி. ட்ராம்போன் வரிசை எனக்கு நேர் எதிரே. மைக் இல்லாமலே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பித்தளையின் காற்று முகத்தில் படுகிறது, அதை எந்த மெழுகும் எந்த டேப்பும் எனக்குத் தந்ததில்லை. நண்பன் இடைவேளையில் என் காதுக்குள் கத்தினான்: “டேய், ராஜா சார் பிராஸ் செக்ஷன் எங்கேர்ந்து வந்துச்சுனு இப்பத் தெரியுது!” சண்டை போட நேரமில்லை, அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்கு ஒரு ஷோ, பத்து மணிக்கு ஒரு ஷோ. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும், ஆரஞ்சு ஜூஸும் கணக்கில் சேரும். இருக்கை எண் கிடையாது, சீக்கிரம் வருகிறவருக்கு நல்ல இடம். ஃபோட்டோ, ரெக்கார்டிங் இரண்டுக்கும் தடை, ஃபோனை வெளியே எடுத்தால் நிஜமாகவே வந்து சொல்கிறார்கள். நியூ ஜெர்சிக்கு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் எட்டு மணி ஷோவுக்கே போங்கள். நாங்கள் பத்து மணிக்குப் போய், பென் ஸ்டேஷனில் பாதி ராத்திரியில் ஆறிப்போன பீட்சா தின்றுகொண்டு இதைத் தட்டச்சிடுகிறோம்.